தண்ணீர் போகும் வழியில் ஊட்டி

தாவரவியல் பூங்காவின் மேற்புறத்தில், தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்துக்கு ஏறும் வழியில், பாசி பிடித்த ஒரு கல்கட்டு இருக்கிறது. போன அக்டோபரில் ஊருக்கு வந்திருந்த அப்பா அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். முட்டிவலிக்காரர் ஆயிற்றே, மயக்கம் ஏதும் வந்துவிட்டதோ என்று பதறி ஓடினேன். அவர் கல்லிடுக்கைக் காட்டினார்.

"ஏங்கண்ணு, இந்தத் தண்ணி எங்கிருந்து வருது?"

"மேல இருந்துங்கப்பா."

"மேலன்னா? மழ பேஞ்சு மூணு நாளாச்சுன்னு நீதானே சொன்னே?"

நானும் குனிந்து பார்த்தேன். இரண்டு கல்லுக்கு நடுவே விரல் அகலத்துக்குப் பாசி. அதன் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்து, கீழே இருந்த கல்லில் விழுந்தது. அது விழுந்த இடத்தில் கல் கறுத்திருந்தது. அடுத்த சொட்டு அதற்குள் திரள ஆரம்பித்துவிட்டது. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினார். ஒரு நிமிடத்துக்குப் பதினெட்டு சொட்டு. பக்கத்து இடுக்கிலும் அப்படித்தான், அதற்கடுத்ததிலும் அப்படித்தான். சுவர் முழுக்கக் கசிந்துகொண்டிருந்தது. எல்லாம் சேர்ந்து அடியில் ஒரு சின்னக் காவாயில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

வேலைக்காக ஊட்டிக்கு வந்து எனக்குப் பதினோரு வருடம் ஆகிறது. அந்தச் சுவரைக் குறைந்தது ஐம்பது முறை கடந்திருப்பேன். வருகிற உறவினர்களுக்கெல்லாம் பூங்காவைச் சுற்றிக் காட்டியிருக்கிறேன். பூ, புல்வெளி, போட்டோ, அப்புறம் வாசலில் திபெத்தியர் கடைகளில் ஒரு ஸ்வெட்டர் என்று இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்பா கோபிப் பக்கத்து விவசாயி, கீழ்பவானி வாய்க்கால் பாசனம். நடவும் முதல் களையும் முடிந்த கையோடு நான்கு நாள் என்னோடு இருக்க வந்திருந்தார். எந்த இடத்துக்குக் கூட்டிப் போனாலும் அவர் கண் முதலில் தண்ணீரைத்தான் தேடும். அந்த நான்கு நாளும் அவர் பின்னால் நடந்ததில், நான் இத்தனை வருடம் குடியிருந்த ஊரின் அமைப்பே எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. மலை ஊரில் பூங்காக்கள் நினைத்த இடத்தில் வருவதில்லை. தண்ணீர் ஊறுகிற, வழிகிற, தேங்குகிற இடங்களில்தான் வந்திருக்கின்றன. ஊட்டியின் தோட்டங்களை மேலிருந்து கீழாக, தண்ணீர் போகிற வழியில் நடந்து பார்க்க வேண்டும் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.

தாவரவியல் பூங்கா தொட்டபெட்டா மலையின் அடிச்சரிவில் இருக்கிறது. 2,637 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரம்தான் நீலகிரியிலேயே உயரம். பூங்காவின் பரப்பு சுமார் 22 ஹெக்டேர், நம் கணக்கில் 55 ஏக்கர். இங்கே முதலில் போட்டது பூந்தோட்டம் அல்ல, காய்கறித் தோட்டம். 1847இல் ஊட்டியில் குடியிருந்த வெள்ளைக்காரர்கள் ஆளுக்கு மாதச் சந்தா கட்டி, நியாயமான விலைக்குக் காய்கறி கிடைக்கட்டும் என்று ஆரம்பித்தது. அடுத்த வருடம், 1848இல், லண்டன் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் வந்தார். அப்போது இந்த நிலத்தின் மேல்பகுதி காடு, கீழ்ப்பகுதி சதுப்பு. சதுப்பை வடித்து, சரிவைத் திருத்தி, பாதை போட்டு, இன்று நாம் பார்க்கிற வடிவத்துக்குக் கொண்டுவர அவருக்குப் பத்து வருடம் போல ஆகியிருக்கிறது.

இதை அப்பாவிடம் சொன்னபோது, கீழே புல்வெளியில் குழந்தைகள் உருண்டு விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே, "அப்ப இது ஓதத்து நிலம். வடிகால் வெட்டாம இங்க ஒண்ணும் நிக்காது" என்றார். சரியாக அப்போது பாத்தி கொத்திக்கொண்டிருந்த ஒரு தோட்டக்காரப் பெண் நிமிர்ந்து, "ஆமாங்க ஐயா, மழைக்காலத்துல இங்க ரெண்டு அடி தோண்டுனா தண்ணி வந்துரும்" என்றார். "அப்படிச் சொல்லு அம்மிணி" என்று அப்பா அவரிடமே போய் நின்றுகொண்டார். மண் எப்படி, எரு என்ன, உறைபனி விழும் நாளில் நாற்றை எப்படிக் காப்பாற்றுவீர்கள் என்று அரை மணி நேரம் பேச்சு. சாயந்திரமே நாற்றை மூடி வைப்போம், விடியற்காலையில் வெயில் படுவதற்கு முன்னால் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிடுவோம் என்று அந்தப் பெண் சொன்னார். பனியோடு வெயில் பட்டால் இலை கருகிவிடுமாம். டிசம்பர், ஜனவரியில் அதிகாலையில் புல்வெளி வெள்ளையாகக் கிடப்பதை நானும் பார்த்திருக்கிறேன். அதற்குப் பின்னால் இப்படி ஒரு ஓட்டம் இருப்பது தெரியாது.

பூங்காவில் எல்லோரும் நின்று பார்க்கும் கல்மரம் ஒன்று உண்டு. 2 கோடி ஆண்டு பழையது என்கிறார்கள். கிளையெல்லாம் முள்போல இலை அடர்ந்த குரங்குப் புதிர் மரம், கார்க் மரம், காகிதம்போலப் பட்டை உரியும் மரம் எல்லாம் உண்டு. உலகப் போரில் பிடிபட்ட இத்தாலியக் கைதிகள் போட்டது என்று சொல்லப்படும் இத்தாலியத் தோட்டமும் உண்டு. இவற்றைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள், நான் மேலே ஏறுகிறேன்.

பூங்காவுக்கு மேலே தோடர்களின் மஞ்சக்கல் மந்து இருக்கிறது. ஒத்தக்கல் மந்துதான் உதகமண்டலம் ஆனது என்பார்கள். பாதி பீப்பாயைக் கவிழ்த்து வைத்ததுபோல வளைந்த கூரை, தவழ்ந்து நுழைகிற அளவுக்குச் சிறிய வாசல். தோடர்கள் கோயிலுக்குக் கூரை வேய்வதற்குச் சதுப்பில் வளரும் ஒருவகைப் புல்லைத்தான் தேடிப் போகிறார்கள். சதுப்பு வற்றிப்போனால் அந்தப் புல்லுக்கு இன்னும் தொலைவாக நடக்க வேண்டும். மந்துக்குப் போகிறவர்கள் வெளியில் நின்றே பார்க்கலாம், கோயில் பக்கம் போக வேண்டாம். கேட்காமல் யாரையும் படம் எடுக்க வேண்டாம். அது ஒரு வீட்டு வாசல். அங்கே ஒரு பாட்டி வெயிலில் உட்கார்ந்து பூத்துக்குளி என்ற தோடர் போர்வைக்கு எம்பிராய்டரி போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல். துணியின் இழைகளை விரலால் எண்ணி எண்ணித்தான் ஊசி இறங்குகிறது, வரைந்து வைத்த கோடு எதுவும் கிடையாது.

மந்திலிருந்து பார்த்தால் மலைமேல் புல் எங்கே, சோலை எங்கே என்று புரிபடும். நீலகிரியின் பழைய உடுப்பு இந்த இரண்டும்தான். மேடெல்லாம் புல், மடிப்புகளில் மட்டும் குட்டையான, அடர்ந்த சோலைக்காடு. பெய்கிற மழையையும் படிகிற பனிமூட்டத்தையும் புல்லும் அதன் அடி மண்ணும் பிடித்து வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக விடுகின்றன. மழை நின்று மூன்று நாள் ஆன பிறகும் அப்பாவின் கல்கட்டு கசிந்தது அதனால்தான். 1840களிலிருந்து விறகுக்காகவும் பட்டைக்காகவும் கொண்டுவந்து நட்ட கற்பூர மரமும் சீகை எனப்படும் வாட்டில் மரமும் புல்மேடுகளின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. (வெளியூரில் தைல மரம் என்பதை இங்கே கற்பூர மரம் என்பார்கள்.) அந்த மரங்களின் நிழலில் நடக்க எனக்கும் பிடிக்கும், அந்த வாசனை இல்லாத ஊட்டியை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. ஆனாலும் அதனடியில் கசிவு இருக்கிறதா என்று அப்பா தேடிய இடங்களிலெல்லாம் சருகு காய்ந்துதான் கிடந்தது.

அன்றைக்கு நாங்கள் ஏறும்போது பெஞ்சுக்குப் பெஞ்சு உட்கார்ந்துதான் ஏறினோம். முதல் முறை மலைக்கு வருகிறவர்கள், குறிப்பாக வயதானவர்கள், அப்படித்தான் ஏற வேண்டும். 2,200 மீட்டருக்கு மேலே மூச்சு சீக்கிரம் வாங்கும். காலையில் பூங்கா திறந்தவுடன் உள்ளே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் கூட்டம். செப்டம்பர், அக்டோபரின் இரண்டாவது சீசன் என்னைக் கேட்டால் மே மாதத்தைவிட நல்லது. மே மாதத்தில் மலர் கண்காட்சி இருக்கும், ஆனால் மனிதத் தலைகளுக்கு நடுவேதான் பூவைப் பார்க்க வேண்டும். 2024 மே முதல் வண்டியில் வருகிறவர்களுக்கு இ-பாஸ் கட்டாயம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை இருப்பதால் வீட்டிலிருந்தே ஒரு எவர்சில்வர் பாட்டில் கொண்டுவந்துவிடுங்கள்.

மறுநாள் ரோஜாப் பூங்கா. எல்க் ஹில் சரிவில், ஊட்டி மலர் கண்காட்சியின் நூற்றாண்டு நினைவாக 1995இல் அமைத்தது. சுமார் 4 ஹெக்டேரில் ஐந்து அடுக்கு. 2006இல் உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு இதற்குச் சிறந்த தோட்டத்துக்கான விருது கொடுத்தது. மேல் அடுக்கில் நின்றால் ஊர் முழுவதும் தெரியும். எனக்கு இந்தப் பூங்காவில் பூக்களைவிட அந்த அடுக்குகள்தான் பிடிக்கும். வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் ஒவ்வோர் அடுக்கிலும் தண்ணீர் நின்று, நிதானித்து, அடுத்ததற்கு இறங்குகிறது. மலைச்சரிவில் உருளைக்கிழங்கும் கேரட்டும் போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் வந்து பார்க்க வேண்டும் என்றார் அப்பா. மண்ணைக் கரைய விடாமல் எப்படிக் கட்டி வைத்திருக்கிறார்கள் பார் என்று ஒவ்வோர் அடுக்கின் விளிம்பையும் தடவித் தடவிப் பார்த்தார்.

அங்கிருந்து இறங்கி சேரிங் கிராஸ். நடுவில் நிற்கும் ஆடம்ஸ் நீரூற்று, சென்னை மாகாண கவர்னராக இருந்த ஆடமின் நினைவாக வைத்தது. அப்புறம் கமர்ஷியல் ரோடு, மார்க்கெட். ஒரு கடையில் சூடாக டீயும் வர்க்கியும். வர்க்கியை டீயில் முக்கினால் அடுக்கடுக்காகப் பிரிந்து ஊறும். ஊட்டி வர்க்கிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பா நாலு சாப்பிட்டார்.

மார்க்கெட்டைத் தாண்டினால் கோடப்பமந்து கால்வாய். மேலே கல்லிடுக்கில் சொட்டிய தண்ணீருக்கு ஊருக்குள் இதுதான் வழி. சுற்றியுள்ள சரிவுகளின் தண்ணீரெல்லாம் இதில் இறங்கி, ஊரின் நடுவே ஓடி, ஏரிக்குப் போகிறது. போகிற வழியில் வீடுகளின், கடைகளின், விடுதிகளின் கழிவும் சேர்ந்துகொள்கிறது. அப்பா கைப்பிடிச் சுவரில் கைவைத்துக் கீழே பார்த்தார். முந்தின நாள் உள்ளங்கையில் ஏந்திக் குடித்துவிடலாம் போலிருந்த தண்ணீர், சாம்பல் நிறத்தில், பாலித்தீன் கவர்களை இழுத்துக்கொண்டு போனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் நிற்க முடியவில்லை. இது என் ஊர், என் வீட்டுச் சாக்கடையும் எங்கேயோ இதில்தான் சேர்கிறது.

ஊட்டி ஏரி இயற்கையாக உண்டானது அல்ல. 1820களில் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன், பள்ளத்தாக்கில் இறங்கிய ஓடைகளை மறித்துக் கரை கட்டி உண்டாக்கியது. "நம்ம கோயமுத்தூர் கலெக்டரா?" என்று அப்பாவுக்கு ஆச்சரியம். அவர் பிறந்து வளர்ந்தபோது கோபியும் கோயம்புத்தூர் மாவட்டம்தான், 1979இல்தான் பிரிந்தது. சல்லிவன் 1822இல் கட்டத் தொடங்கிய கல் பங்களா இன்றைக்கு அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. அவருடைய மனைவி ஹென்ரியட்டாவும் ஒரு மகளும் புனித ஸ்டீபன் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். அந்தத் தேவாலயத்தையும், அதன் பின்னால் சரிந்து கிடக்கும் கல்லறைத் தோட்டத்தையும் அவசரமில்லாமல் பார்க்க வேண்டும். ஊட்டிக்குள் இவ்வளவு அமைதியான சரிவு வேறு இல்லை. தேவாலயத்தின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து வந்தவை.

சல்லிவன் வெட்டிய ஏரி இன்று இருப்பதைவிட மிகப் பெரியது. இன்றைய பேருந்து நிலையம், குதிரைப் பந்தய மைதானம், ஏரிப் பூங்கா எல்லாம் ஒரு காலத்தில் தண்ணீர். அதனால்தான் பெருமழை பெய்தால் ரயில் நிலையத்துப் பக்கம் பாலத்தடியில் தண்ணீர் கட்டிக்கொள்கிறது. "ஏரிக்கு அதனோட எடம் ஞாபகம் இருக்கும் கண்ணு" என்றார் அப்பா. பேருந்து நிலையத்தில் காத்திருக்கும்போதெல்லாம் எனக்கு இப்போது அது நினைவுக்கு வருகிறது.

படகு இல்லத்துக் கூட்டத்தைத் தவிர்த்து ஏரியின் மறுகரைச் சாலையில் நடந்தோம். ஏரியைப் பார்க்க அதுதான் நல்ல வழி. ஒரு பக்கம் கற்பூர மரங்கள், இன்னொரு பக்கம் தண்ணீர். கால்வாய் வந்து சேரும் முனையில் ஆகாயத் தாமரை அடைத்துக்கொண்டிருக்கும், போகப் போகத் தெளியும். நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நின்றது. ஏரியிலிருந்து வழியும் தண்ணீர் காமராஜ் சாகர் அணைக்குப் போகிறது, பிறகு மாயாறு, மாயாறு போய்ச் சேர்வது பவானிசாகர். அங்கிருந்து புறப்படுவதுதான் கீழ்பவானி வாய்க்கால், அதன் கிளை ஒன்று எங்கள் வயலில் திறக்கிறது. இதை அப்பாவுக்கு நான் சொல்லவில்லை, அப்பாதான் எனக்குச் சொன்னார். கரையில் நின்று, சுண்டுவிரலால் காற்றில் கோடு போட்டுக் காட்டினார். பதினோரு வருடமாக நான் ஊரை விட்டு மலைக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் குன்னூர். சிம்ஸ் பூங்காவைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரையையே ஆரம்பித்தேன் என்று சொல்ல வேண்டும், எனக்கு அவ்வளவு பிடித்த இடம் அது. 1874இல் ஜே. டி. சிம்ஸும் மேஜர் மர்ரேயும் சேர்ந்து உருவாக்கியது, 12 ஹெக்டேர். ஊட்டியில் சதுப்பை வடித்தார்கள், இங்கே ஒரு பள்ளத்தாக்கை அதன் போக்கிலேயே விட்டு, இரு பக்கமும் பாதை மட்டும் போட்டிருக்கிறார்கள். வாசலில் நுழைந்தவுடன் பூங்கா நம் காலுக்குக் கீழே கிடக்கும். படியிறங்க இறங்கக் குளிரும் ஈரமும் கூடும். அடியில் ஒரு குளம். எதிரே சாலைக்கு அப்பால் 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனத்தின் பழைய கட்டடம்.

ருத்ராட்ச மரத்தைப் பார்க்க எல்லோரும் கூடுவார்கள், அப்பாவும் அதன் அடியில் ஒரு கொட்டை கிடைக்குமா என்று தேடினார். நான் அவரை மரப்பெரணியிடம் கூட்டிப் போனேன். பெரணி என்றால் சுவரிடுக்கில் முளைப்பது என்றுதான் சமவெளிக்காரர்களுக்குத் தெரியும். இங்கே ஆள் உயரத்துக்கு மேல், பனைபோல ஒற்றைத் தண்டு, உச்சியில் குடையாக ஓலை. தண்டில் விழுந்த ஓலைகளின் தழும்புகள் வரிசை வரிசையாக இருக்கும். குடையின் நடுவே புது ஓலை, யானைத் தும்பிக்கை சுருண்டதுபோலச் சுருண்டு, பழுப்பு நிற ரோமம் மூடி நிற்கும். அந்தச் சுருளைப் பக்கத்தில் பார்த்தால் அதற்குள் இன்னும் சின்னச் சின்னச் சுருள்கள், ஒவ்வொன்றும் ஒரு கிளையாகப் பிரியப் போவது. ரோமத்தின் நுனிகளில் மூடுபனி பொட்டுப் பொட்டாகக் கோத்திருந்தது. அப்பா தொடாமல், முகத்தை மட்டும் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். "இது தண்ணி விட்டு வளத்ததில்ல. தண்ணி இருக்கற எடத்த இதுவா கண்டுபுடிச்சு நிக்குது" என்றார்.

பூங்காவை விட்டு வெளியே வரும்போது சாலைக்கு மேலே தேயிலை விளிம்பில் ஒரு காட்டுமாடு மேய்ந்துகொண்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல இருக்கும். குன்னூரில் இது அன்றாடக் காட்சி, ஆனாலும் நெருங்கக் கூடாது. வண்டிகள் நின்றன, யாரும் ஹாரன் அடிக்கவில்லை. அது தலையைத் திருப்பி எங்களைப் பார்த்துவிட்டு, தன் பாட்டுக்கு இறங்கிப் பள்ளத்துக்குள் போனது.

அடுத்த நாள் மதியம் அப்பாவைக் குன்னூரில் மலை ரயிலில் ஏற்றிவிட்டேன். பேருந்தில் போனால் சீக்கிரம் போகலாம் என்றால் கேட்கவில்லை. குன்னூரிலிருந்து கல்லாறு வரை பற்சக்கரத் தண்டவாளம், இன்ஜின் முன்னால் நின்று தாங்கிக்கொள்ள மெல்ல மெல்ல இறங்கும் வண்டி. குன்னூர் ஆறு பள்ளத்தில் கூடவே வரும். ஜன்னலோரம் இடம் கிடைத்ததும், மடியில் வர்க்கிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, "நீ போ கண்ணு, எனக்கு இதுல பாக்கறதுக்கு நெறைய இருக்குது" என்று அனுப்பிவிட்டார்.

ஐந்தரை மணி வாக்கில் போன் வந்தது. பின்னால் ரயில் பாலத்தில் ஏறும் சத்தம். மேட்டுப்பாளையம் ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்னால், பவானிப் பாலம்.

"ஆத்தத் தாண்டறோம் கண்ணு. தண்ணி நல்லாத்தான் போகுது, கொஞ்சம் கலங்கலா இருக்குது. மேல மழ புடிச்சிருச்சா?"

ஜன்னலைத் திறந்து பார்த்தேன். தொட்டபெட்டா பக்கம் இருட்டிக்கொண்டு வந்திருந்தது.

"இப்பத்தானுங்கப்பா, தூற ஆரம்பிக்குது."